வெயில் குடித்த சிவப்பு

பாட்டில் கழுவும் அறையிலிருந்து சத்தம் வந்தால்தான் அந்த வீட்டில் பொழுது விடியும். முன்பக்கம் வீடு, பின்பக்கம் கலர் சோடா கம்பெனி, நடுவில் ஒரே கதவு. அந்தக் கதவு வழியாக ஈரக்காற்றும் எசன்ஸ் வாசனையும் வந்து வந்து, கொடியில் காயும் சட்டைகளில்கூட லேசாக ஆரஞ்சு மணக்கும்.

அன்று காலையும் சத்தம் வந்தது. ஆனால் அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

போன வாரம் அக்கா சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போன வார்த்தை இன்னும் அங்கேயே கிடந்தது, யாரும் எடுத்துக் கழுவாத தட்டைப் போல.

“தியேட்டர்காரர் சரின்னா கம்பெனி நம்மகிட்ட இருக்கும். இல்லன்னா அந்தப் பெரிய கம்பெனி ஏஜென்ட்கிட்ட பேரோட சேத்துக் குடுத்துடறேன். இனிமே என்னால ஒத்தையாளா இழுக்க முடியாது.”

எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டாலும் அவள் உண்மையில் ஒருவனுக்கு மட்டும்தான் அக்கா. அந்தத் தம்பி வேன் ஓட்டுகிறான். கடைக்காரர்களுக்கு அவன் ‘மூடி’. சின்ன வயதில் கால்சட்டைப் பை நிறைய பாட்டில் மூடிகளோடு கலகலவென்று நடந்து திரிந்தவன், அந்தப் பேரிலிருந்து தப்பிக்கவே முடியவில்லை. மூடியின் மனைவி, அந்த வீட்டு மருமகள், கலவை அறையைப் பார்த்துக்கொள்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள்.

ஊரில் இருக்கிற தியேட்டர்களின் கேன்டீன் எல்லாம் இந்தத் தியேட்டர்காரர் கையில் இருந்தது. கலர் வாங்கிக்கொள்ளத் தயார், ஆனால் சாயப்பொடி கூடாது, செடியிலிருந்து எடுத்த நிறமாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மருமகள் மாதக்கணக்கில் பீட்ரூட்டோடு மல்லுக்கட்டினாள். சாறு எடுத்தால் மண்வாசனை. மண்வாசனையைத் துரத்தினால் நிறமும் அதோடு கைகோத்துக்கொண்டு கிளம்பிவிடும். கடைசியில் இரண்டையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். பச்சையும் மஞ்சளும் ஆரஞ்சும் பழையபடியே இருக்கட்டும், முதலில் சிவப்பு என்று முடிவானது.

புதுச் சிவப்பு கடைகளுக்குப் போய் ஒரு வாரம். கம்பெனியில் வைத்துக் குடித்துப் பார்த்த தியேட்டர்காரருக்குத் திருப்திதான். “ஆனா ஜனங்க வாங்கறாங்களான்னு நானே கடைகடையா சுத்திப் பாத்துட்டுதான் வாக்கு குடுப்பேன்” என்றிருந்தார். அவர் சுற்றப்போகும் நாள் இன்று.

“அப்பா, நாக்கு” என்றாள் அக்கா.

பெரியவர் காலை மாத்திரையை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டினார். கம்பெனியை ஆரம்பித்தவர் அவர். சர்க்கரை வந்த பிறகு கம்பெனிச் சரக்கில் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை அவர் டாக்டரிடமே விட்டுவிட்டு வந்துவிட்டார். பச்சை, சிவப்பு என்று நாக்கு அவரைத் தினம் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்த வாரம் முழுக்க நாக்கு சுத்தம்.

“பாத்தியாம்மா, கைக்குழந்தை நாக்கு மாதிரி!” என்றார்.

“நம்ப முடியல. உங்க வாலை யாரு நிமித்தினது?”

“வயசாச்சு இல்ல. தானா நிமிந்துடுச்சு.”

அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. ஒரு கவலை குறைந்தது என்று மருமகளும் நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் போன் அடித்தது.

காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும். அந்தப் பக்கம் இருந்தவர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ‘மைக்செட்’. அவர் ரகசியம் சொன்னால் தெருமுனையில் பதில் வரும்.

“மருமக பொண்ணா? உங்க சிவப்புக்கு என்னம்மா கேடு வந்துச்சு? சாயம் போயிடுச்சு! கழுவி ஊத்தின தண்ணி மாதிரி நிக்குது! பசங்க எல்லாம் என்னையப் பாத்து, தண்ணி கலந்து விக்கறியாங்கறானுங்க! என்னைய!”

மருமகள் சட்டென்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். காது வலித்தது. அக்காவுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாள்.

“யாரு?” என்றாள் அக்கா.

“மைக்செட் அண்ணன். சரக்கு வேணுமாம்.”

அந்த நாளின் முதல் பொய் அது. சின்னதுதான்.

*

பெரியவர் கம்பெனி ஆரம்பித்த காலத்தில் விளம்பரத்துக்கு வழியில்லை. அதனால் ஒரு காரியம் செய்தார். கடைகளுக்கெல்லாம் தெருவைப் பார்த்தபடி ஒரு கண்ணாடிப் பலகை மாட்டிக் கொடுத்தார். வெயில் எந்தப் பக்கம் விழுமோ அந்தப் பக்கம். அதில் சிவப்பு, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பாட்டில்கள் வரிசையாக நிற்கும். காலை வெயில் அவற்றுக்குள் புகுந்து வெளியே வரும்போது, கடைக்கு முன்னால் தரையில் வண்ணம் வண்ணமாக ஒரு பாய் விரிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதில் நின்று கையை நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு கை பச்சை, ஒரு கை சிவப்பு. அப்படி நின்றவர்கள் வாங்காமல் போனதில்லை. தாகம் எடுத்துக் கலர் குடிக்கிறவர்களைவிட, அந்த வெளிச்சத்தை எப்படியாவது வாய்க்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்று குடிக்கிறவர்கள்தான் அதிகம் என்று மருமகளுக்கு எப்போதும் தோன்றும்.

வெயில் பலகை என்று அதற்குப் பேர். பெரியவர் பெற்றது மூன்று பிள்ளைகள், இரண்டு மனிதர்கள், ஒரு பலகை என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

மைக்செட் கடையின் பலகையில் இப்போது பச்சை இருந்தது. மஞ்சள் இருந்தது. ஆரஞ்சு இருந்தது. சிவப்பு நிற்க வேண்டிய இடத்தில், காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்தவர்களைப் போல வெளிறிய ஆறேழு பாட்டில்கள் நின்றன. தரையில் விழுந்த வண்ணப் பாயில் ஒரு கிழிசல்.

“பாத்தியா? பாத்தியா?” என்றார் மைக்செட்.

மருமகள் கடைக்குள் குனிந்து, பலகைக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தாள். அதே நாள் வந்த சரக்கு. மூடியில் அதே முத்திரை. உள்ளே இருந்ததெல்லாம் ரத்தினம் மாதிரி சிவந்து கிடந்தது.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னாச்சு?” மூடி பதறினான். “கெட்டுப்போச்சா? யாராவது குடிச்சிருந்தா...”

“கெடலைங்க. ருசி மாறியிருக்காது. வெயிலு. வெயில் பட்டா இந்த நிறம் நிக்காது.”

“நீதான் எல்லாம் சோதிச்சியே?”

சோதித்தாள்தான். சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தாள். ஐஸில் புதைத்துப் பார்த்தாள். வேனில் ஏற்றிக் குலுக்கச் சொல்லிப் பார்த்தாள். வாரக்கணக்கில் வைத்தும் பார்த்தாள். வைத்த இடம் சரக்கறை. ஜன்னலே இல்லாத அறை.

துணிக்கடையில் இருந்த காலத்தில், கண்ணாடிக்குள் பொம்மைக்கு மாட்டின சட்டை தோள்பட்டையில் மட்டும் வெளுத்துப்போவதை வருஷக்கணக்காகப் பார்த்தவள் அவள். வெளுத்த சட்டையைத் தள்ளுபடியில் விற்றவள். அந்தப் புத்தி கம்பெனிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மாமனார் வெயிலில் வைத்து விற்பதற்கென்றே பிறந்தவர். மருமகள் வெயிலுக்கு ஆகாத நிறத்தைச் செய்திருக்கிறாள்.

“எல்லாக் கடையிலயும் இப்படித்தான் இருக்கும்” என்றாள் மெதுவாக. “அவர் இன்னைக்கு வர்றாரு.”

மூடி தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் ஒரு யோசனை வரப்போகிறது என்று அர்த்தம். வருகிற யோசனை நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

“பின்கொட்டாய்ல பழைய சிவப்பு கொஞ்சம் கிடக்கு” என்றான். “பலகைல மட்டும் அதை வச்சுடுவோம். வெளுத்ததை எடுத்துடுவோம். அவர் வந்து பாப்பாரு, ஜனங்க வாங்கறதைப் பாப்பாரு, போயிடுவாரு.”

“அது பொடிச் சாயம். செடி நிறம்னு சொல்லிட்டு...”

“தப்புதான். நான் இல்லங்கல. நாளைக்கு அக்கா கையெழுத்து போட்டுட்டா, அப்புறம் நாம சரியா இருந்து யாருக்குக் காட்டறது?”

அவள் எழுந்து, வெளுத்த பாட்டில்களைப் பலகையிலிருந்து இறக்க ஆரம்பித்தாள். மைக்செட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன்னால் முடிந்த அளவு குரலைத் தணித்துச் சொன்னார்: “நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்!”

எதிரே பள்ளிக்கூட வாசலில் நின்ற காவல்காரர் திரும்பிப் பார்த்தார்.

*

பின்கொட்டகையில் பெட்டிகளை ஏற்றும்போது பெரியவர் வந்து நின்றார்.

“பழைய சிவப்பு எதுக்கு?”

மூடி வாயைத் திறந்தான். மருமகள் அவனை முந்திக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். அக்காவிடம் ஒளித்ததை மாமனாரிடமும் ஒளிக்க அவளால் முடியவில்லை. சொல்லச் சொல்ல, அந்தப் பலகைகளைப் பற்றிச் சொல்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது.

“பலகையாலயா?” என்றார் பெரியவர். “நம்ம பலகையாலயா?”

“ஆமா மாமா.”

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார். அங்கே வெயில் ஒன்றும் தெரியாதது போல முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

“இத்தனை வருஷம் சும்மா வேலை பாத்துச்சு. இப்பக் கூலி எடுத்துக்குது” என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார். “தூக்குடா. அக்கா கணக்குப் பாத்து முடிச்சு வெளிய வர்றதுக்குள்ள கிளம்புங்க.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு கடையாக அவர்கள் திருடர்களைப் போல இறங்கினார்கள். ஒரே வித்தியாசம், திருடர்கள் நல்ல சரக்கை எடுத்துக்கொண்டு போவார்கள். இவர்கள் வெளுத்ததை எடுத்துக்கொண்டு சிவந்ததை வைத்தார்கள். மூடி ஸ்டூலில் ஏறுவான், அவள் கீழிருந்து பாட்டில்களை நீட்டுவாள். சலூன் பக்கத்துக் கடை, ஆஸ்பத்திரி வாசல் கடை, பெட்ரோல் பங்க் கடை. எடுத்த பாட்டில்கள் வேனின் பின்பக்கம் சேர்ந்துகொண்டே போயின. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவை பல்லைக் கடித்தன.

பலகையில் பழைய சிவப்பு ஏறியதும் தரையில் பாய் முழுசாகிவிடும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு நிம்மதியும் அவமானமும் சேர்ந்தே வந்தன, ஒரே பாட்டிலில் ஊற்றின மாதிரி.

கடைசியாக பஸ் ஸ்டாண்ட் கடை. அதை நடத்துகிற அம்மாவுக்கு எல்லாப் பஸ்ஸும் எப்போது வரும் என்று தெரியும், யார் யாரைப் பார்க்க எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள் என்றும் தெரியும்.

“என்ன மூடி, சிங்காரிச்சு விடறியா?” என்றாள் அந்தம்மா. “நேத்து வரைக்கும் நோஞ்சானா நின்னுச்சு. இன்னைக்கு மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு!”

“கொஞ்சம் மெதுவா சொல்லுங்கக்கா.”

“மெதுவா சொல்லி என்ன ஆகப்போகுது? உன் ஆளு உள்ளதான் உக்காந்திருக்காரு.”

கடைக்கு உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, கவிழ்த்துப்போட்ட பெட்டியின் மேல் தியேட்டர்காரர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன டார்ச். அவர் எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியவில்லை.

“வாங்கம்மா” என்றார். “அந்தச் சிவப்புல ஒண்ணு எடுங்க. மேல இருக்கறது. இப்ப வச்சீங்களே, அது.”

மூடி ஸ்டூலில் நின்றபடியே கல்லாகிவிட்டான். கடைக்காரம்மாதான் எட்டி ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் தட்டித் திறந்து கொடுத்தாள். தியேட்டர்காரர் நிதானமாகக் குடித்தார். பாதி பாட்டில் காலியானதும் எழுந்து, முகம் பார்க்கச் சுவரில் தொங்கவிட்டிருந்த சின்னக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். நாக்கை நீட்டி, அதன் மேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

நாக்கு செக்கச்செவேல் என்றிருந்தது.

வெளியே ஒரு பஸ் கிளம்பியது. ஓடிவந்து ஏறினவர் யாரோ திட்டு வாங்கினார்.

“இது பழைய சிவப்பு” என்றார் தியேட்டர்காரர்.

“அது வந்து சார், பழைய ஸ்டாக்கு ஒண்ணு ரெண்டு கலந்திருக்கும், லோடு ஏத்தறப்போ...” மூடி ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே ஆரம்பித்தான்.

“கலக்கல” என்றாள் மருமகள். “தெரிஞ்சேதான் வச்சோம்.”

மூடி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் வார்த்தை நின்றுவிடும் என்று பயம்.

“புதுச் சிவப்பு வெயில்ல வெளுத்துடுது சார். இன்னைக்குக் காலையிலதான் எங்களுக்கே தெரியும். சோதிச்சப்போ இருட்டுல வச்சு சோதிச்சுட்டேன், அது என் முட்டாள்தனம். நீங்க வர்றீங்கன்னு பயந்து, இதை வச்சோம். உங்களை ஏமாத்தணும்னுதான் வச்சோம். இல்லன்னு சொன்னா அது இன்னொரு பொய்.”

அவள் வெளியே போய் வேனின் பின்கதவைத் திறந்தாள். வெளுத்ததில் மிக மோசமாக வெளுத்த ஒன்றைத் தேடி எடுத்தாள். நல்லதாகப் பார்த்து எடுக்க வேண்டும் என்று கை ஒரு தரம் போனது, திருப்பிக்கொண்டாள். கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுதான் சார் எங்க சரக்கு. இப்படித்தான் ஆகும்.”

தியேட்டர்காரர் அந்தப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஆறிப்போன டீத்தண்ணி போல இருந்தது. மூடியைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மடக்கு. கண்ணை மூடினதும் அவர் முகத்தில் ஏதோ இளகியது.

“ருசி ஒண்ணுதான்” என்றார்.

“ருசி மாறாது சார்.”

“எங்க கேன்டீனை நீ எப்பவாவது பாத்திருக்கியாம்மா?”

“சினிமாவுக்குப் போனப்ப... கூட்டத்துல...”

“ஜன்னல் பாத்தியா?”

அவள் யோசித்தாள். இடைவேளை நெரிசல், பாப்கார்ன் புகை, டியூப் லைட், படம் ஆரம்பித்துவிடுமோ என்கிற அவசரம்.

“இல்ல சார்.”

“கிடையாது. ஒண்ணுகூடக் கிடையாது.” அவர் டார்ச்சை ஆட்டிக் காட்டினார். “பகல்லயே இதை அடிச்சுக்கிட்டுத்தான் என் கடைக்கு நான் போறேன். என் சரக்கறைல சூரியன் எட்டிப் பாத்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியாது. உன் சிவப்பு எங்கிட்ட வந்தா வெளுக்கறதுக்கு எங்கம்மா போகும்?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார இடம் தேடினாள். கடைக்காரம்மா ஒரு பெட்டியைக் காலால் தள்ளிவிட்டாள், அவள் அதில் உட்கார்ந்தாள்.

“ஆனா ஒண்ணு” என்றார் தியேட்டர்காரர். குரல் இறுகியிருந்தது. “வெளுத்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. மாத்தி வச்சீங்க பாருங்க, அதுக்கு எழுந்து போயிருக்கணும். போகலை, ஏன்னா நான் கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்ட.”

“கேட்டுட்டீங்க சார், ‘பழைய சிவப்பு’ன்னு...” என்றான் மூடி.

“டேய், சும்மா இருடா!” என்றாள் கடைக்காரம்மா.

தியேட்டர்காரர் சிரித்துவிட்டார். சிரிக்கும்போது அவருடைய சிவந்த நாக்கு தெரிந்தது. “இந்த நாக்குக்காகத்தான்யா நான் செடி நிறம் கேட்டேன். படம் விட்டதும் பசங்க அம்மாங்ககிட்ட நாக்கை நீட்டிக் காட்டறானுங்க. அம்மாங்க நேரா வந்து என் சட்டையைப் பிடிக்கறாங்க, என் பிள்ளைக்கு என்னத்தைக் குடுத்தேன்னு. உங்க புதுச் சிவப்பு குடிச்சா நாக்கு சிவக்காது. அன்னைக்கு உங்க கம்பெனில குடிச்சுட்டு வீட்டுக்குப் போய் முதல் வேலையா அதைத்தான் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு.”

மருமகளும் மூடியும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாக்கு சிவக்காது” என்றாள் அவள்.

“அப்பா!” என்றான் அவன்.

“ஒரு வாரமா...”

மூடிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பயத்தையெல்லாம் சிரித்துத் தீர்த்தான். என்ன ஏது என்று தெரியாமலேயே கடைக்காரம்மாவும் சேர்ந்துகொண்டாள். தியேட்டர்காரர் மட்டும் பாட்டிலில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்தார்.

“அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் படம்” என்றார். “முதல் லோடு நீயே கொண்டுவந்து இறக்கணும்மா. இவனை நம்பி அனுப்பாத.”

*

வீட்டுக்குள் நுழையும்போது பாட்டில் கழுவும் அறையில் சத்தம் ஓய்ந்திருந்தது. சாயங்கால வெளிச்சம் ஈரத்தரையில் கிடந்தது. அக்கா ஆபீஸ் அறையில் இல்லை. கழுவின பாட்டில்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

“எங்க போயிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?”

“கடைக்கு...” என்றான் மூடி.

“எல்லாக் கடைக்கும். தெரியும். தியேட்டர்காரர் பேசினாரு. நாக்கு சிவக்காத கதை வரைக்கும் எல்லாம் சொன்னாரு.”

மருமகள் மூடிக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“என்ன சொன்னாரு தெரியுமா?” அக்கா எழுந்து வந்தாள். “‘உங்க தம்பி பெண்டாட்டி பொய்யும் பண்றா, உண்மையும் சொல்றா. ரெண்டையும் ஒரே நாள்ல பண்றவங்க கொஞ்சம் பேருதான். வேற யார்கிட்டயும் விட்டுடாதீங்க’ன்னாரு.”

“அக்கா, நான் காலையிலயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்...”

“சொல்லியிருக்கணும்” என்றாள் அக்கா. “சொல்லியிருந்தா நான் அப்பவே ஏஜென்ட்டைக் கூப்பிட்டிருப்பேன். அதனால சொல்லாததும் நல்லதுக்குத்தான். ஆனா இன்னொரு தரம் மைக்செட் பேசறது எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்காத. அவர் போன்ல பேசினா எனக்குப் போன் இல்லாமயே கேக்கும்.”

அப்புறம் அவள் செய்ததை மருமகள் எதிர்பார்க்கவில்லை. ஈரக் கையோடு மருமகளின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சோப்பு நுரை வாசனை. அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சாய்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை.

“கம்பெனி இருக்கு” என்றாள் அக்கா. “இருக்கு இல்ல?”

“இருக்குக்கா.”

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் உள்ளே வந்தார். மூன்று பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பார்த்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

“அப்பா” என்றாள் அக்கா, “ஒரு வாரமா எத்தனை குடிச்சீங்க?”

“எதை?”

“சிவப்பை.”

பெரியவர் பழக்கதோஷத்தில் நாக்கை நீட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை. மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

“நல்லா வந்திருக்கும்மா” என்றார் மருமகளைப் பார்த்து. “பழசைவிட நல்லா வந்திருக்கு. மண்வாசனை துளிகூட இல்ல. நாலு பேர் குடிச்சுப் பாத்துச் சொன்னாத்தானே உனக்கும் தெரியும்?”

“அந்த நாலு பேரும் நீங்களேவா?” என்றாள் அக்கா. “நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட கிளம்புங்க. ரத்தம் குடுக்கணும்.”

பெரியவர் முறையிட்டார், கெஞ்சினார், கடைசியில் பேரம் பேசினார். பலகைகளைக் கழற்றாமல் இருந்தால் ரத்தம் கொடுக்க வருவதாகச் சொன்னார். மருமகள்தான் வழி சொன்னாள்: பலகையில் நிற்பது வெறும் பழைய சாயத்தண்ணீராக இருக்கட்டும், விற்பனைக்கு இல்லை என்று மூடியில் வெள்ளை பெயின்ட் அடித்துவிடலாம். விற்கிற சிவப்பு உள்ளே பெட்டியில் நிழலில் இருக்கட்டும். பிள்ளைகள் வெளிச்சத்தில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்து கேட்கட்டும்.

பெரியவர் அதை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். “அப்ப வெயிலுக்குக் கூலி கிடையாது” என்றார் திருப்தியாக. பெயின்ட் எங்கே இருக்கிறது என்று தேட அப்போதே மூடியை இழுத்துக்கொண்டு போனார்.

அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். அக்கா கழுவின பாட்டில்களைக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தாள். மருமகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இத்தனை நாளில் அவர்கள் இப்படிச் சேர்ந்து வேலை செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாம் இலகுவாக இருந்தது. பாட்டில்களின் எடைகூடக் குறைந்திருந்தது.

“நாளைக்கு ஏஜென்ட் வர்றாரு” என்றாள் அக்கா திடீரென்று.

“போன்ல சொல்லிடலாமேக்கா? குடுக்கறதா இல்லன்னு.”

“வர்றேன்னு சொன்னவரை வர வேண்டாம்னு எப்படிச் சொல்றது? வரட்டும். நீ பேசு.”

“நானா? கம்பெனி உங்களது. நீங்க சொன்னாத்தான்...”

“என்னால முடியாது.”

அந்தக் குரல் புதுசாக இருந்தது. யாரிடமும் பயந்து பார்த்திராத அக்கா, சரக்கு லாரிக்காரனை நடுத்தெருவில் நிறுத்திச் சட்டம் பேசுகிற அக்கா, பாட்டிலைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் சந்தை வரைக்கும் போயிடறேன் அந்த நேரத்துக்கு” என்றாள். “நீ உக்கார வை. மரியாதையா சொல்லு. ஒரு பச்சை எடுத்து ஐஸ்ல வச்சிரு. சிவப்பு குடுக்காத, அவருக்குச் சிவப்பு ஒத்துக்காது. மூடியை நீ திறக்காத. அவரே பல்லால திறந்துப்பாரு. சொன்னாலும் கேக்க மாட்டாரு.”

சொல்லிவிட்டு அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

மருமகள் அதைக் கொடுக்க மறந்து நின்றாள். அந்த ஏஜென்ட் இந்த வீட்டுக்கு இதுவரை ஒரே ஒரு முறைதான் வந்திருந்தார். அன்று அவர் குடித்தது ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும். அவர் பல்லால் மூடி திறப்பதை அக்கா எங்கே பார்த்தாள்?